ஆற்றை வலப்பக்கம் வைத்து ஓட்டியவர்கள்

கீழ்ப்பாடி சைக்கிள் ஓட்டுவோர் நலச் சங்கத்துக்கு அப்போது வயது இருபத்தைந்து. இந்த இருபத்தைந்து வருஷத்தில் சங்கத்தில் நடக்காதது ஒன்றுமில்லை. ஆண்டுவிழா நடந்திருக்கிறது, இரங்கல் கூட்டம் நடந்திருக்கிறது, நாற்காலிச் சண்டைகூட ஒருமுறை நடந்திருக்கிறது. சைக்கிள் ஓட்டியது மட்டும் இல்லை. வெள்ளிவிழாவுக்காவது ஓட்டிவிடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள். உள்ளூரில் ஓட்டினால் விழுவதை நாலு பேர் பார்ப்பார்கள் என்பதால், வெளிநாட்டில் ஓட்டுவது என்று ஒரு திருத்தமும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள்.

அப்படித்தான் மூன்று பேர் வியட்நாம் போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் தணிகாசலம், செயலாளர் குழந்தைவேலு, உறுப்பினர் அம்பலவாணன். சங்கத்தில் இருப்பதே இந்த மூன்று பேர்தான். எந்தக் காரியமானாலும் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், தலைவர் நிறைவேற்றுவார். இந்த ஒழுங்கை அவர்கள் கோயில் வாசலில் செருப்புக் கழற்றும்போதுகூட விட்டதில்லை.

தணிகாசலம் மட்டும் இந்தப் பயணம் முழுக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவர் மகள் பூங்கோதைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா கறாரான ஆள். "பொண்ணோட அப்பா நின்னு தட்டு மாத்தினாத்தான் சம்பந்தம். இல்லேன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். புதன்கிழமை விமானத்தைப் பிடித்தால்தான் வியாழக்கிழமை தட்டைப் பிடிக்க முடியும்.

திங்கட்கிழமை காலை, கான் தோ என்ற நகரத்தில் ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு வாடகை சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்கார அம்மாள் பெயர் லான். அவருக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. லான் தன் பாஷையில் கைபேசியிடம் பேச, அது செய்தி வாசிக்கிற பெண்குரலில் தமிழில் சொன்னது.

"ஆறு எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். அப்படியே போனால் லாங் சுயென் நகரம் வந்துவிடும். வண்டியை எங்கேயும் தனியாக விடாதீர்கள். உங்கள் பெட்டிகளும் பாஸ்போர்ட்டுகளும் வேனில் முன்னாலேயே போய், அங்கே இருக்கும் எங்கள் இன்னொரு கடையில் இருக்கும். நாளை மாலை ஐந்து மணிக்குள் வண்டிகளைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் கடையைப் பூட்டிவிடுவோம். மூன்று நாள் விடுமுறை."

குழந்தைவேலு அத்தனையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கீழே மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார். கைபேசியிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று தெரியாததால் அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

பயணம் நன்றாகவே தொடங்கியது. சமதரையில் சைக்கிள் தானாகவே போனது. ஆனால் அந்த ஊரில் வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம், ஒவ்வொரு பாலமும் ஒட்டகத்தின் முதுகு. முதல் பாலத்தின் உச்சியிலிருந்து வண்டிகள் கீழ்நோக்கிப் பாய்ந்தபோது குழந்தைவேலுதான் முதலில் ஆபத்தை உணர்ந்தார்.

"பிரேக் பிடிக்கணும்னு முன்மொழியறேன்" என்றார்.

அம்பலவாணன் பின்னால் வந்துகொண்டிருந்தார். "காதுல விழல. திரும்பச் சொல்லுங்க."

"பிரேக் பிடிக்கணும்னு முன்மொழியறேன்."

"எந்த பிரேக்கு? முன்னாடியா, பின்னாடியா? தெளிவா இருந்தாத்தானே வழிமொழிய முடியும்?"

"ரெண்டும்."

"அப்ப சரி. வழிமொழியறேன்."

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆட்சேபணை இருக்குதா?" என்று கேட்டார். ஆட்சேபணை இருந்தது வாத்துகளுக்குத்தான். பாலத்தடியில் ஒரு குட்டையில் இருநூறு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. தலைவர் தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தபோது மூன்று பேரும் இடுப்பளவு சேற்றில் இருந்தார்கள். நிறைவேறிய தீர்மானத்தை மதிக்க வேண்டும் என்பதால் அங்கேயே இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தார்கள்.

வாத்துக்காரர் கயிறு போட்டு மேலே இழுத்துவிட்டார். பசி வந்தது. ஒரு நூடுல்ஸ் கடை முன்னால் நின்று யோசித்தார்கள். மூன்று பேரும் உள்ளே போனால் வண்டிகளுக்கு யார் காவல்?

"ஒருத்தர் வெளிய நிக்கணும்" என்றார் குழந்தைவேலு.

"எதுக்கு? வண்டியைத் தனியா விடாதீங்கன்னுதானே அந்தம்மா சொல்லிச்சு" என்றார் அம்பலவாணன். "மூணும் ஒண்ணா நிக்குது. இதுல எது தனியா இருக்குது?"

வண்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து, துணைக்குத் துணையாக நிறுத்திவிட்டு, பூட்டாமல் உள்ளே போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது வண்டிகள் அப்படியே இருந்தன. அது அம்பலவாணனின் அறிவால் அல்ல, அந்த ஊர்க்காரர்களின் நல்ல மனசால் என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

அன்றைக்கு ராத்தங்கலுக்கு ஒரு விடுதி கிடைத்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் கிளம்பினார்கள். வழியில் சாலை ஓர் ஆற்றுத்துறையில் போய் முடிந்தது. சரியான சாலை நூறு அடிக்கு முன்னாலேயே இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் ஸ்கூட்டர்களும் காய்கறி வண்டிகளும் எல்லாம் துறையில் நின்ற பெரிய படகில் ஏறிக்கொண்டிருந்தன. இவர்களும் சைக்கிளோடு ஏறிவிட்டார்கள். படகு நடு ஆற்றுக்குப் போனபோதுதான் குழந்தைவேலு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தலைவரே, ஆறு வலப்பக்கம் இருக்குது. இடப்பக்கமும் இருக்குது."

தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது. மாலை ஐந்துக்குக் கடை பூட்டிவிடும். பூங்கோதையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனாலும் தலைவர் தடுமாறினால் சங்கம் என்னாவது? நிதானமாக யோசித்துச் சொன்னார்.

"வலப்பக்கம் இருக்கட்டும்னுதான் சொன்னாங்க. இருக்குது. இடப்பக்கம் இருக்கக் கூடாதுன்னு சொல்லல. இது கூடுதல் ஆறு. வந்தா வந்துட்டுப் போவுது."

அக்கரையில் இறங்கினார்கள். லாங் சுயென் பக்கம் நாலு மிதி மிதித்ததும் அம்பலவாணன் நிறுத்தினார். ஆறு இப்போது இடப்பக்கம் இருந்தது.

"ஆறு மாறிப்போச்சு" என்றார்.

"ராத்திரி மாத்தியிருப்பாங்களோ?" என்றார் குழந்தைவேலு.

"மாத்தினா மாத்திட்டுப் போறாங்க. நமக்கு என்ன? வண்டியத் திருப்பினா வலப்பக்கம் வந்துடப்போவுது. திருப்பணும்னு முன்மொழியறேன்."

குழந்தைவேலு வழிமொழிந்தார். வண்டிகளைத் திருப்பினார்கள். ஆறு பழையபடி வலப்பக்கம் வந்தது. தணிகாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரம் போய்விட்டதே என்ற பதைப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். மகளுக்காக அவ்வளவு வேகமாக எந்த அப்பாவும் தப்பான திசையில் மிதித்திருக்க மாட்டார்.

இரண்டு மணிக்கு எதிர்க்கரையில் ஒரு பெரிய நகரம் தெரிந்தது. இதுதான் லாங் சுயென் என்று படகேறி அக்கரை போய், கடையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வாசலில் லான் அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"அச்சு அசல் அதே முகம்" என்றார் குழந்தைவேலு. "அக்காவும் தங்கச்சியுமா ஆளுக்கு ஒரு ஊர்ல கடை வச்சிருக்காங்க."

லான் இவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைபேசியிடம் சொன்னார். அது தமிழில் சொன்னது: "இது லாங் சுயென் இல்லை. இது கான் தோ. நேற்று நீங்கள் கிளம்பியது இந்தக் கடையிலிருந்துதான்."

"அக்கா சொல்லிக் குடுத்ததையே தங்கச்சியும் மனப்பாடம் பண்ணியிருக்குது" என்றார் அம்பலவாணன். இது லாங் சுயென்தான் என்று அங்கேயே ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தோடு மல்லுக்கட்டுவது லான் அம்மாளின் வேலை இல்லை. மூன்று பேரையும் மூன்று சைக்கிளையும் ஒரு வேனில் ஏற்றி, டிரைவரிடம் ஏதோ சொல்லிக் கதவைச் சாத்தினார். வழி நெடுக ஆறு வலப்பக்கமே வந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நாலரை மணிக்கு நிஜமான லாங் சுயென் வந்தது. அங்கே கடையில் இருந்தவர் ஓர் இளைஞர், சிரித்த முகம். வண்டிகளை வாங்கிக்கொண்டு, மூன்று பாஸ்போர்ட்டுகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். அவர் கைபேசியும் அதே குரலில் பேசியது: "படத்தைப் பார்த்து அவரவருடையதை எடுத்துக்கொள்ளுங்கள்."

குழந்தைவேலு தன் படத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார். அம்பலவாணனும் எடுத்துக்கொண்டார். மூன்றாவது படத்தில் இருந்தவருக்குத் தலை நிறையச் சுருட்டை முடி, நல்ல கறுப்பு மீசை. தணிகாசலமோ மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று போன வாரம்தான் பழனியில் முடியிறக்கி, மீசையையும் எடுத்துவிட்டு வந்திருந்தார்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவர எங்கயோ பாத்திருக்கேன்" என்றார்.

"பேரு தணிகாசலம்னுதான் போட்டிருக்குது" என்றார் குழந்தைவேலு.

"பேரை வச்சு என்ன பண்றது? நம்ம தெருவுலயே ரெண்டு தணிகாசலம். படத்தப் பாத்து எடுக்கணும்னுதானே சொல்லிச்சு?"

"வரும்போது விமான நிலையத்துல விட்டாங்களே, தலைவரே."

"அங்க யாரும் ஓட்டெடுப்பு நடத்தல" என்றார் அம்பலவாணன்.

ஓட்டெடுப்பு நடந்தது. படத்தில் இருப்பது தலைவர்தான் என்று குழந்தைவேலு கை தூக்கினார். இல்லை என்று அம்பலவாணன் கை தூக்கினார். ஒன்றுக்கு ஒன்று. இப்படி வந்தால் தலைவர் ஓட்டுதான் முடிவு செய்யும். தணிகாசலத்தின் கை பாதி தூரம் மேலே போய் நின்றது. அந்தக் கையை உயர்த்தினால் மகளின் நிச்சயதார்த்தம். ஆனால் தன் சொந்த விஷயத்தில் ஓட்டுப் போடுவது முறையா? இருபத்தைந்து வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. கையைக் கீழே இறக்கினார். தீர்மானம் தோற்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி செண்பகவல்லி எடுத்தார்.

"நான் வர முடியாதும்மா. என் பாஸ்போர்ட்டுல வேற ஆளு இருக்காரு."

செண்பகவல்லி விவரம் கேட்டார். "ஆளு பாக்க எப்படி இருக்காரு?"

"தலை நிறைய முடி. கறுகறுன்னு மீசை. கௌரவமான முகம்."

"அப்ப அவரையே அனுப்பி வைங்க. பொண்ணோட அப்பா மொட்டத்தலையோட சபையில நிக்கறாரேன்னு மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரு பேச்சு பேச மாட்டாரு."

தணிகாசலத்துக்கு மனசு லேசானது. கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களின் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐந்தாவதாக வந்தவர் ஒரு மீன்காரர். முடி அப்படியே ஒத்துப்போனது. தணிகாசலம் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைவேலுவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"வியாழக்கெழமைக்குள்ள இவருக்கு மீசை வளந்துடுமா?"