சாயப்பட்டறைக் கரடியின் ஆண்டறிக்கை

மாரப்பன் என்ற கரடி ஓடைக்கரையில் சாயப்பட்டறை நடத்தியது. மயிலுக்கு நீலம் மங்கினாலும் கிளிக்குப் பச்சை வெளுத்தாலும் அங்கேதான் போகும். பட்டறைக் கழிவு மட்டும் கீழே இருந்த குளத்துக்குப் போனது.

குளத்தில் நல்லம்மா என்ற ஆமை இருந்தது. போன வருடக் குஞ்சுகளில் ஒன்றுகூட அதற்குத் தங்கவில்லை. இந்த வருட முட்டைகள் வெள்ளம் எட்டாத கரைமேட்டு மணலுக்குள் கிடந்தன. ஆடி முடிவதற்குள் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு தண்ணீரில்தானே இறங்கும்?

கரடி வருடா வருடம் காட்டுக்கு ஓர் அறிக்கை வாசிக்கும். எழுதுவது கொக்கு. குளத்தில் வாழும் ஒருவர் சேற்றுக்கால் பதித்தால்தான் அது செல்லும். கொக்கு ஓலையோடு வந்தது.

"ஏனுங்க அக்கா, இதுல ஒரு கால் வையுங்க."

"படி, கேப்போம்."

"'எங்கள் பட்டறையின் அக்கறையால் குளத்து நீர் இளநீர் போல இருக்கிறது. மீன்கள் ஆனந்தமாக நீந்துகின்றன.'"

"மல்லாந்து நீந்துது. அதையும் எழுதிக்க தம்பி."

கொக்கு நெளிந்தது. "எனக்குத் தினக்கூலி மீனுங்க அக்கா. சொன்னதை எழுதறேன்."

"எந்தக் குளத்து மீனு?"

"அடுத்த காட்டு மீனுங்க."

நல்லம்மா தலையை ஓட்டுக்குள் இழுத்து யோசித்தது. பிறகு, "கால் வைக்கறேன். ஒரு வரி சேத்துக்க. 'ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் குடும்பமே இந்தக் குளத்தில் குளிக்கும்.' கேக்க அழகா இருக்குமில்ல?" என்றது.

தன்னைப் புகழும் எந்த வரியையும் கரடி தள்ளியதில்லை. யானைத் தலைவர் முன்னால் அதையும் சேர்த்தே வாசித்தது. காடே கைதட்டியது.

ஆடிப் பதினெட்டு வந்தது. கரடி மறந்திருந்தது. அதன் மாமியார் மறக்கவில்லை. அறிக்கையை நம்பி மூன்று மலை தாண்டி வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கக் காடும் கூடிவிட்டது.

"இன்னைக்கு வேண்டாங்க அத்தை, சளி புடிச்சுக்கும்" என்று கரடி குறுக்கே நின்றது.

மாமியார் அதைத் தள்ளிவிட்டு முங்கியது. எழுந்தபோது கத்தரிக்காய் நிறம். குரங்குகள் சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து விழுந்தன.

மாமியார் சொட்டச் சொட்டக் கரையேறியது. "குடும்பம்னு எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை. அடுத்தது நீங்க. அப்புறம் எம் பேத்திங்க."

"நீங்க வாசிச்சதுதானே? இறங்குங்க" என்றது யானை.

கரடி தண்ணீரைப் பார்த்தது. தன் குட்டிகளைப் பார்த்தது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடியது. பொழுது சாய்வதற்குள் கழிவுக்குத் தனிக் குழி வெட்டி, குளத்துக்கு வரும் வாய்க்காலை அடைத்தது. அந்த வாரமே ஆடி வெள்ளம் வந்து குளத்தை அலசிவிட்டது. பதினோரு குஞ்சுகள் இறங்கின. பதினொன்றும் பிழைத்தன.

ஊருக்கு நல்லது செய்தேன் என்று எழுதி வாசிக்கிறவன், முதலில் தன் வீட்டாரை அதில் இறக்கிப் பார்க்க வேண்டும்.