மொட்டையூரணி சுதந்திரமான கதை

மொட்டையூரணி ஆட்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதியில் ஒரு துண்டுதான் இது.

அந்த ஊரில் சேவுகன் என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல உழைப்பாளி, ஒருவருக்கும் தீங்கு நினைக்காத மனுஷன். அவருக்கு இருந்த ஒரே குறை, கண் விழித்ததிலிருந்து எல்லாரும் அவருக்கு உத்தரவு போடுவது. "எந்திரிங்க" என்பாள் மனைவி மீனாள். "உள்ள போ, உள்ள போ" என்பார் பஸ் கண்டக்டர். சேவுகன் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிவார். பஸ்ஸில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருந்தால், இறங்கி வீடு வந்து சேரும்வரை கையைக் கட்டி, தலையைக் குனிந்தபடிதான் வருவார்.

ஒரு நாள் ஆட்டுக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போனார். வெயில் தாங்காமல் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் ஒதுங்கினார். ஏதோ விசேஷம் என்று முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்தவருக்கு, சாப்பாடு வரவில்லை, சொற்பொழிவு வந்தது.

"அரசாங்கம் என்றாலே கட்டாயம்தான்," என்றார் கண்ணாடி போட்ட பேச்சாளர். "உங்கள் உடம்பு உங்கள் சொத்து. உங்கள் சம்மதம் இல்லாமல் எவனும் அதில் அத்துமீறக் கூடாது. யாருடைய உத்தரவுக்கும் கீழ்ப்படியாதவன்தான் சுதந்திர மனிதன். இதை ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்."

உடனே மண்டபம் முழுக்கக் கையைத் தூக்கியது. அவர் இறக்கச் சொன்னதும் இறக்கியது. சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு ஒரு மனுஷன் மைக்கில் பேசி அவர் இதுவரை கேட்டதில்லை. ஆட்டு மருந்தை மறந்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

டீக்கடையில் விஷயத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சாத்தையா மூத்தவர். ஊரில் அவருக்கு அறிவாளி என்று பேர். எதைக் கேட்டாலும் பதில் சொல்ல அவருக்கு அரைமணி நேரம் ஆகும் என்பதால் வந்த பேர் அது. அன்றைக்கு முக்கால்மணி நேரம் ஆனது.

"உடம்பு நம்ம சொத்துங்கிறது சரி," என்றார் கடைசியில். "பட்டா எங்க?"

அவரவர் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரிடமும் பட்டா இல்லை. இத்தனை வருஷமாகப் பட்டா இல்லாத உடம்பில் குடியிருந்திருக்கிறோமே என்று சேவுகன் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலையிலேயே வி.ஏ.ஓ. ஆபீஸில் போய் நின்றார். வி.ஏ.ஓ. ஜெசிந்தா அந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஏழு தடவை மாறுதல் கேட்டு எழுதியிருக்கிறார்.

"மேடம், என் உடம்புக்குப் பட்டா வேணும்."

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தார். "நாலு எல்லையும் சொல்லுங்க."

சேவுகன் நிமிர்ந்து நின்றார். "கிழக்க வயிறு. மேற்க முதுகு. வடக்க இடது கை. தெக்க வலது கை."

"அப்படியே திரும்பி நில்லுங்க."

திரும்பினார். வயிறு மேற்கே போய்விட்டது. சேவுகனுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

"பாத்தீங்களா? எல்லை மாறிக்கிட்டே இருக்கிற சொத்துக்கு எப்படிப் பட்டா குடுக்கிறது? மாறாம இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

ஆளை அனுப்பிவைத்தால் போதும் என்று சொன்ன வார்த்தை அது. எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதை ஜெசிந்தா ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து சேவுகன் கிழக்கு பார்த்தே நின்றார், நடந்தார், உட்கார்ந்தார். மேற்கே போக வேண்டுமென்றால் பின்பக்கமாக நடந்தார். ஒரே வாரத்தில் ஊர் ஆம்பளைகள் நாற்பத்தொரு பேரும் எல்லை மாறாமல் நடமாட ஆரம்பித்தார்கள். டீக்கடை ஊருக்கு மேற்கே இருந்தது. காலையில் நாற்பத்தொரு பேரும் முதுகைக் காட்டியபடி வந்து சேர்ந்ததைப் பார்த்த கடைக்காரர், தன்மேல் என்ன கோபமோ என்று பயந்து முதல் டீயை ஓசியில் கொடுத்தார்.

பின்பக்கமாக நடந்தால் இடித்துக்கொள்ளத்தானே செய்யும். வெள்ளைக்கண்ணு வந்து சாத்தையா மேல் மோதினார். வெள்ளைக்கண்ணு சாது. மோதிய வேகத்தில் மன்னிப்புக் கேட்டு, இன்னும் இரண்டு பேர் மேல் மோதினார்.

"இது அத்துமீறல்," என்றார் சாத்தையா.

"தெரியாம நடந்துபோச்சுண்ணே."

"நிலத்துல மாடு தெரியாம மேஞ்சா விடுவமா? வேலி போட மாட்டமா?"

வேலி போட்டார்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டி வளையமாக வளைத்து, ஆளுக்கொன்றாக இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு ஒருவரையொருவர் தொடவில்லை. பெண்டாட்டி பிள்ளையும் கிட்ட வர முடியவில்லை. மீனாள் தொரட்டிக் கம்பின் நுனியில் தூக்குவாளியை மாட்டி நீட்ட, சேவுகன் எட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் அவருக்கு முதுகு அரித்தது. கை எட்டவில்லை.

"மீனா, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

"வேலிக்குள்ள எப்படி வர்றது?"

"நான் சம்மதிக்கிறேன்."

"சம்மதம்னா எழுத்துல வேணும்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?"

சேவுகனுக்கு எழுதத் தெரியாது. மீனாளுக்குப் படிக்கத் தெரியாது. சுதந்திரம் என்றால் கொஞ்சம் அரிப்பு இருக்கத்தான் செய்யும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் நின்றபடியே தேற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்தபடியாக, யாரும் யாருக்கும் கீழ்ப்படியக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்க நினைத்தார்கள். கூட்டத்தை யார் கூட்டுவது என்பதில் சிக்கல் வந்தது. ஒருவர் கூப்பிட்டு மற்றவர் வந்தால் அது கீழ்ப்படிதல். அதனால் நாற்பத்தொரு பேரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மாதிரி வந்து நின்றார்கள். ஓட்டுப் போட்டால், தோற்றவனை ஜெயித்தவன் கட்டாயப்படுத்தினதாக ஆகும் என்று சாத்தையா சொன்னதால், எல்லாரும் சம்மதித்தால்தான் தீர்மானம் என்று ஆனது. நாற்பது பேர் சம்மதித்தார்கள். நாற்பத்தோராவது ஆள் தவசி, நின்றபடியே தூங்கிவிட்டார். எழுப்பினால் அது கட்டாயம். பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். தவசி விழித்துப் பார்த்து, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தீர்மானம் இதுதான்: இனி இந்த ஊரில் யாரும் எந்த உத்தரவுக்கும் கீழ்ப்படியக் கூடாது. கீழ்ப்படிந்தால் தண்டனை உண்டு.

இதைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும் என்று சேவுகனைச் சொன்னார்கள்.

"எனக்கு அந்த வேலை வேணாம்ப்பா," என்றார் சேவுகன்.

"அப்ப நீ சுதந்திரத்துக்கு விரோதியா?" என்று கேட்டார் சாத்தையா. சுற்றி நின்றவர்கள் முள்வேலியோடு ஓர் அடி நெருங்கினார்கள். சேவுகன் தன் சொந்த விருப்பத்தின் பேரில் ஒப்புக்கொண்டார்.

முதல் நாளே வெள்ளைக்கண்ணு மாட்டிக்கொண்டார். அவருடைய மனைவி, "சட்டி கொதிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்ல, மனுஷன் தள்ளி உட்கார்ந்துவிட்டார். சேவுகன் கண்ணால் பார்த்த குற்றம்.

"மாப்ளே, ஒரு மணி நேரம் வெயில்ல நில்லு."

வெள்ளைக்கண்ணு போய் நின்றார்.

"அய்யய்ய, நான் சொன்னேன்னு நின்னுட்டியே. இது ரெண்டாவது குத்தம். இன்னும் ஒரு மணி நேரம் நில்லு."

"சரி மச்சான்."

"சரிங்கிறியே, இது மூணாவது."

மத்தியானத்துக்குள் வெள்ளைக்கண்ணு பதினேழு குற்றம் செய்திருந்தார். ஊரில் இவ்வளவு பெரிய கேடி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று எல்லாரும் அவரை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தன்னால் ஒரு சாதுவுக்கு இந்த நிலைமையா என்று சேவுகனுக்குப் பாவமாக இருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். "குடி" என்று மட்டும் சொல்லிவிடாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

இப்படி ஊர் சுதந்திரமாக இருக்கும்போதுதான் ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. கண்மாய் நிரம்பி, கரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. ஜெசிந்தா நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வந்தார்.

"கரை உடையப் போகுது. எல்லாரும் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. கலெக்டர் உத்தரவு."

பெண்கள் சொற்பொழிவு எதுவும் கேட்டிருக்கவில்லை. அதனால் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மீனாள் ஆட்டை அவிழ்த்தாள்.

"மீனா, இது கீழ்ப்படிதல். நான் தண்டனை குடுக்கும்படியா ஆயிரும்."

"பள்ளிக்கூடத்துக்கு வந்து குடுங்க," என்று சொல்லிவிட்டு மீனாள் ஆட்டோடு மேடேறினாள்.

ஆம்பளைகள் நாற்பத்தொரு பேரும் தெருவில் கிழக்கு பார்த்து நின்றார்கள். கணுக்கால்வரை தண்ணீர் வந்திருந்தது.

"தண்ணி நம்ம சம்மதம் இல்லாம வருதே," என்றார் தவசி.

சாத்தையாவுக்கு அன்றைக்குப் பதில் சீக்கிரமாகவே வந்தது. "அதுக்கு அறிவிச்சிருக்கமா? தனியார் சொத்துன்னு பலகை வைக்காம அதைக் குத்தம் சொல்லி என்ன பண்றது?"

பலகை வைத்தார்கள். தண்ணீர் பலகையை எடுத்துக்கொண்டு போனது. முழங்காலுக்கு ஏறியது. சேவுகன் மேட்டைப் பார்க்க நினைத்தார். மேடு மேற்கே இருந்ததால் பார்க்க முடியவில்லை. ஆடு கத்துவது மட்டும் கேட்டது. மீனாளின் உத்தரவு ஒன்றைக் கேட்டு மூன்று மணி நேரம் ஆகிறது என்று ஏனோ அவருக்குத் தோன்றியது.

ஜெசிந்தா அவர்களை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அது பல்லாஸ்பத்திரிச் சீட்டு. மழையில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. அதை விரித்து உரக்க வாசித்தார்.

"இப்ப வந்த புது உத்தரவு. மொட்டையூரணி ஆம்பளைங்க யாரும் ஊரை விட்டு நகரக் கூடாது. குறிப்பா மேட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

நாற்பத்தொரு பேருக்கும் ரத்தம் கொதித்தது.

"எங்களைப் போகக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு மேடம்?" என்றார் சேவுகன். மூன்று மணி நேரமாக அவர் காத்திருந்த கோபம் அது.

முதுகுப்பக்கமாகவே ஓட ஆரம்பித்தார்கள். வேலியைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசி ஆள் மேடேறும்போது கரை உடைந்தது. தெரு நிறையத் தண்ணீர் புரண்டு போனது. பள்ளிக்கூட வாசலில் மீனாள் அரிவாளோடு நின்றாள். வரிசையாக ஒவ்வொருவர் இடுப்பிலிருந்தும் முள்ளை வெட்டி எறிந்தாள். சம்மதம் எல்லாம் கேட்கவில்லை. சேவுகனின் முறை வந்தபோது, வெட்டி முடித்துவிட்டு அவர் முதுகை நன்றாக ஒரு முறை சொறிந்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பற்றிக் கண்காணிப்பாளர் என்ற முறையில் அவர் எதுவும் பதிவு செய்யவில்லை.

இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் சாத்தையா யோசித்து முடித்தார்.

"வி.ஏ.ஓ. அம்மா போகாதேன்னு சொன்னாங்க. நாம போனோம். அது சரி. ஆனா அதுக்கு முன்னாடி போன்னும் சொன்னாங்கள்ல? இப்ப நாம போயிருக்கமே. அப்ப முதல் உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதா ஆகுதே."

சேவுகனுக்குப் பகீரென்றது. "திரும்பிப் போனா?"

"ரெண்டாவது உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதா ஆகும்."

ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். இங்கே இருந்தாலும் அடிமை, ஊருக்குப் போனாலும் அடிமை. கடைசியில் வழி கண்டுபிடித்தது சேவுகன்தான்.

மறுநாள் ஜெசிந்தா வந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. பெண்கள் ஊருக்குப் போய் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரின் மேல் நாற்பத்தொரு பேர், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சேவுகன், போறீங்களா, இருக்கீங்களா?"

"ரெண்டும் இல்ல மேடம். நாங்க சுதந்திரமா இருக்கோம்."

ஜெசிந்தாவுக்கு அன்றைக்குத்தான் மாறுதல் உத்தரவு கைக்கு வந்திருந்தது. சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"சரி, உக்காந்திருங்க. நான் வர்றேன்."

ஸ்கூட்டர் போய்விட்டது. நாற்பது பேரும் சேவுகனைப் பார்த்தார்கள்.

"உத்தரவு போட்டுட்டாங்களே," என்றார் தவசி.

இறங்க முடியாது, எந்தப் பக்கம் இறங்கினாலும் குற்றம். உட்காரவும் முடியாது. ஒன்பது அங்குல அகலச் சுவரின் மேல் முதலில் சேவுகன் எழுந்து நின்றார். பிறகு சாத்தையா, வெள்ளைக்கண்ணு, தவசி என்று நாற்பத்தொரு பேரும் கையை விரித்துக்கொண்டு எழுந்தார்கள்.

பாதிப் பேர் உள்ளே விழுந்தார்கள், பாதிப் பேர் வெளியே விழுந்தார்கள். சேவுகனுக்கு இடது கை ஒடிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றை மட்டும் சொன்னார்: விழச் சொல்லித் தங்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை, நாற்பத்தொரு பேரும் அவரவர் இஷ்டப்படிதான் விழுந்தார்கள்.