காயவைத்த தண்ணீர்

மஞ்சணத்தியாற்றுப் பள்ளத்தாக்கில் மேலே இருக்கிறவனுக்கு வாழை, நடுவில் இருக்கிறவனுக்கு வெற்றிலை, கடைசியில் இருக்கிற புள்ளிகுளத்துக்காரனுக்கு வாய்ப்பேச்சு. அதற்கும் கீழே உப்பளம், அப்புறம் கடல். எங்கள் புள்ளிகுளத்துக்குத் தண்ணீர் விடுகிற முறைநாளில்கூட மேலமருதூர்க்காரர்கள் கால்வாய்க் கரையை வெட்டித் தண்ணீரைத் தங்கள் வாழைக்குத் திருப்பிக்கொள்வார்கள். வெட்டியவர்கள் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் கதை நின்றுவிடும்.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பேராச்சியின் நெல் கதிர் தள்ளப் பொதி கட்டி நின்றது. ஒரு தண்ணீர் பாய்ந்தால் வீட்டுக்குச் சோறு. பாயாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல். காவலுக்கு வேறு யாரும் வராததால், தன் அண்ணன் மகன்கள் பலவேசம், உய்க்காட்டான், சொள்ளமாடன் மூவரையும் மேலே மதகுக்கு அனுப்பினாள்.

"ஏலே, தண்ணி கூடவே நடந்து வாங்க. கண்ணை எடுக்காதிய. யாரையும் தொட விடாதிய."

மூவரும் தண்ணீரோடு நடந்தார்கள். தண்ணீர் மெதுவாகப் போன இடத்தில் மெதுவாகப் போனார்கள். சுழித்த இடத்தில் தாங்களும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மேலமருதூரில் ஒருத்தன் மண்வெட்டியோடு வந்தான். சொள்ளமாடன் கால்வாயில் விழுந்து தண்ணீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறியதில் வந்தவன் ஓடியே போனான். அவன் பெயரும் எனக்குத் தெரியும்.

வயல் வந்தது. பேராச்சி மடையைத் திறக்க மண்வெட்டியை ஓங்கினாள். மூவரும் குறுக்கே நின்றார்கள்.

"அத்த, கைய எடுங்க. யாரும் தொடக்கூடாது."

"சொன்னதே நாந்தானல, கூறுகெட்டவனுவளா!"

உய்க்காட்டான் வருத்தத்தோடு சொன்னான்: "சொன்ன நீங்களே மீறலாமா அத்த?"

அவள் திட்டி முடிப்பதற்குள் முறை முடிந்து மேலே மதகு அடைபட்டது. கடைசித் தண்ணீரும் வயலைத் தாண்டிப் போனது. கூடவே அவர்களும் போனார்கள்.

கடலோரத்து ஓடையில் தண்ணீர் கலந்ததும் பலவேசம் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான்.

"நம்ம தண்ணி கரிக்காதேல?"

"இம்புட்டுத் தூரம் நடந்தா உனக்கு வேர்க்கலியா? அதுக்கும் வேர்த்திருக்கு" என்றான் சொள்ளமாடன்.

பக்கத்து உப்பளத்தில் ஓடைத் தண்ணீர் பாத்திகளில் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்ததை ஆட்கள் வாரிக் குவித்தார்கள். உய்க்காட்டான் பதறினான்: "பாத்தியால அநியாயத்த? நம்ம தண்ணியக் காயப்போட்டுத் தூளாக்குதானுவ!"

சண்டை போட ஆள் பலம் போதாது. அதனால் அங்கேயே நாள் முழுக்க உப்பு வாரி, கூலிக்குப் பதில் உப்பையே கேட்டு வாங்கினார்கள்.

மறுநாள் பலவேசம் பேராச்சி முன்னால் மூட்டையை இறக்கினான்.

"அத்த, உங்க தண்ணி. சிந்தாம இருக்கக் காயவச்சுக் கொண்டாந்திருக்கோம். கொஞ்சம் தண்ணி ஊத்துனாப் போதும், பழையபடி தண்ணியாயிரும்."

பேராச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊத்துறதுக்குத் தண்ணிக்கு நான் எங்கல போவேன்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"அது தெரியாமலா இருப்போம்? அதுக்குத்தான் இன்னொரு மூட்டை கொண்டாந்திருக்கோம்."