இரண்டு விசிலில் வந்த நம்பர்

வேப்பங்குளத்தில் மகளிர் குழுவுக்கு ஒரு கம்ப்யூட்டர் மையம் உண்டு. நடத்துகிறவர்கள் தவமணி, பேச்சியம்மா, ரெஜினா. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். ஒரு நூல் கூடாது, குறையாது. கெட்டதெல்லாம் அதனால்தான்.

அன்றைக்கு ஐந்து மணிக்குள் தவமணி தன் மகளின் நர்சிங் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். மூன்றரைக்குப் பார்த்தால் கம்ப்யூட்டரில் நெட் இல்லை. டவுனில் கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக் செல்வினுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நெட் கொடுக்குற வைஃபை பெட்டிகிட்ட பத்தே நம்பர்தான் இருக்கு. அதுல சேர்ற போனு, கம்ப்யூட்டருக்கெல்லாம் அதுவா ஒண்ணொண்ணு கொடுக்கும். நம்பர் இல்லாட்டி நெட் வராது. உங்க போனு, பக்கத்து டீக்கடை போனு எல்லாம் வாங்கி முடிச்சிருக்கும். எல்லாப் போனையும் அணைங்க. நான் சொல்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க. பெட்டியை அணைச்சு மறுபடி போட்டு, கம்ப்யூட்டருக்கு நம்பர் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்து எனக்குச் சொல்லிட்டு, அப்புறம்…"

அப்புறம் என்ன என்று தெரியவில்லை. தவமணி முதலில் அணைத்ததே அந்தப் போனைத்தான். பிறகு மற்ற இருவர் போனையும் டீக்கடைக்காரர் போனையும் அணைக்க வைத்தாள்.

"நேரத்தை எதை வச்சு அளக்குறது? மணி போன்லதான இருக்கு" என்றாள் ரெஜினா.

"பருப்பு வேகுறதை எதை வச்சு அளக்குறோம்? விசிலை வச்சுத்தான" என்றாள் பேச்சியம்மா.

"வெறுந்தண்ணி போதுமா?" என்றாள் ரெஜினா.

"அது வெறும் விசில். கணக்குல நிக்காது."

பருப்பைக் கழுவிப் போட்டு மையத்து அடுப்பில் குக்கரை ஏற்றி, பெட்டியை அணைத்து மறுபடி போட்டார்கள். இரண்டாவது விசிலில் நம்பர் வந்தது, நெட்டும் வந்தது. ரெஜினா விண்ணப்பத்தைத் திறக்கப் போனாள். தவமணி கையைப் பிடித்துக்கொண்டாள். "செல்வின் தம்பிகிட்ட சொல்லிட்டுத்தான் மத்தது."

போனை ஆன் பண்ணக் கூடாது. அதனால் மூவரும் சர்டிபிகேட் பையோடு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

"ரெண்டு விசில், தம்பி" என்றாள் தவமணி கடை வாசலிலேயே.

செல்வினுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பத்தை அடித்தான். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. "போனை ஆன் பண்ணுங்கக்கா, ஓடிபி வரும்."

தவமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆனாலும் அசையவில்லை. "போன்ல சொன்னதைப் போன்லதான் தம்பி மாத்தணும்."

செல்வின் தன் போனை அவள் கையில் திணித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடி, அங்குள்ள போனிலிருந்து அதற்குக் கூப்பிட்டான். "அக்கா, ஆன் பண்ணுங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று தவமணி தன் போனை ஆன் பண்ணினாள்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்விட்டது. தவமணி கண்ணைத் துடைத்தாள். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்த செல்வின் சட்டென்று நிமிர்ந்தான்.

"குக்கரை இறக்கினீங்களா?"

"எப்படித் தம்பி இறக்குறது?" என்றாள் தவமணி. "அளக்குறதை நிறுத்தச் சொல்லலையே. டீக்கடைக்காரரை விசில் எண்ண உக்கார வச்சுட்டு வந்திருக்கோம்ல."