முறை வரும்வரை

“இந்த வயர்லெஸ் வேலை இனி என்னால முடியாது சாமி. வேற ஆளப் பாருங்க.”

மிக்கேல் மணலில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ஊரார் யோசனை கேட்டு வரும் குரு அவரைவிட வயதில் இளையவர், பேச்சும் குறைவு. மீன் அறுத்துக் கழுவிக்கொண்டிருந்தவர், “சொல்லும்” என்றார்.

அந்தக் கரையின் படகுகளுக்கெல்லாம் வயர்லெஸ்ஸில் ஒரே அலைவரிசைதான். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் இருவர் பேச்சும் இரைச்சல்தான். ஆனால் யார் விட்டுக்கொடுத்தார்கள்? ஒருவன் ஐஸுக்குச் சொல்லிவைப்பான், ஒருவன் மச்சானைத் திட்டுவான், இன்னொருவன் பாட்டே பாடுவான்.

கரையில் வயர்லெஸ் பெட்டியைக் கவனிக்கும் மிக்கேல்தான் இதற்கு முடிவு கட்டினார். படகுக்குப் படகு முறை வைத்தார். முறை தவறிப் பேசுகிறவனுக்கு அன்று முழுக்கப் பேச்சு கிடையாது.

அலைவரிசை அடங்கியது. மிக்கேலுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

“முந்தாநாள் காத்துல, ரோச்சும் அவன் தம்பியும் போன படகுல தண்ணி ஏறிருக்கு” என்றார். “அவனுக்குக் கடைசி முறை.”

“கூப்பிடலியா?”

“முறை வந்ததும் கூப்பிட்டான். படகு அனுப்புனோம். அவன் கிடைச்சான். தம்பி கிடைக்கல.”

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

“ஏம்ல முன்னாடியே கூப்பிடலன்னு கேட்டேன். ‘நீங்கதான அண்ணே, முறை தப்பக் கூடாதுன்னு சொன்னிய’ங்கான். அவன் என்னை ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும் சாமி.”

மிக்கேலுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

“இனி நான் என்ன செய்ய? முறைய எடுத்தா பழைய இரைச்சல். வச்சா உசிரு போவுது.”

குரு மீனைத் தண்ணீரில் அலசினார்.

மிக்கேல் நிறுத்தவில்லை. முறையின் நேரத்தைக் குறைக்கலாம் என்றார். சின்னப் படகுகளை முதலில் விடலாம் என்றார். ஆபத்துக்கென்று தனி அலைவரிசை கேட்டு மனுப் போடலாம் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அலுத்தது. ஆனாலும் பேசிக்கொண்டே போனார்.

குரு எட்டி, மீன் வாடை அடிக்கும் கையால் அவர் வாயைப் பொத்தினார்.

பின்னால் யாரோ செருமும் சத்தம் கேட்டது.

மிக்கேல் திரும்பினார். ரோச் நின்றுகொண்டிருந்தான்.

“எப்ப வந்த?”

“அப்பவே வந்துட்டேன் அண்ணே. தம்பி உடம்பு கரையில ஒதுங்கிருக்கு. நீங்க பேசி முடிக்கட்டும்னு நின்னேன்.”