ஏழு ஏர்பேக் வண்டி

தம்பியை விபத்தில் பறிகொடுத்த தீப்பெட்டி ஆலை முதலாளி தர்மலிங்கம், பாதுகாப்பான வண்டி தேடி ஷோரூமுக்கு வந்தார். ரெண்டு எஸ்யூவி நின்றன. ஒன்றில் ஆறு ஏர்பேக், தானாகவே பிரேக் பிடிக்கும். மற்றதில் ஏழு, கவிழவே கவிழாதாம்.

"எதுலடா உசுருக்கு உத்தரவாதம்? சரியாச் சொல்லலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று டிரைவர் மாசாணத்திடம் உறுமினார்.

மாசாணம் பழைய காரிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி வந்தான். சீட் பெல்ட் போடாமலே போட்டதாக வண்டியை ஏமாற்றி, அதன் எச்சரிக்கைக் கத்தலை அடக்கும் கிளிப். தம்பி செத்த வண்டியிலும் அதுதான் இருந்தது. புது வண்டி ரெண்டிலும் செருகிப் பார்த்தான்.

"ரெண்டுக்கும் கச்சிதமாப் பொருந்துது மொதலாளி. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஷோரூமே கொல்லென்று சிரித்தது. முதலாளி முகம் சுண்டிப்போனது. ஏழு ஏர்பேக் வண்டியையே வாங்கினார்.

முன்சீட்டில் அவர் உட்கார்ந்ததும் வண்டி கத்தத் தொடங்கியது. மாசாணத்திடம் கையை நீட்டினார்.

"அந்தக் கிளிப்பைக் கொண்டா."