பிரேக் பார்த்தவரின் இடம்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் பதினொரு பேர். மெக்கானிக் தாஜுதீன் பாய். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த சடையன். பிக்கப் வண்டிக்காரன் அரப்பளி. பலாப்பழத்தோடு சந்தைக்குப் போக வந்த பெண்கள் ஏழு பேர். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த நான்.

கொல்லிமலையில், செம்மேடு தாண்டி இருந்த பட்டறை அது. ஆனி மாதத்தில் டீசல் வாசனையும் பலா வாசனையும் கலந்து வரும். இப்போது அங்கே செருப்புக் கடை இருக்கிறது. அதன் பிறகு அந்த வாசனை எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

பாயைவிடச் சடையன் நான்கு வயது மூத்தவர். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், நாற்பதைத் தாண்டித் தொழில் கற்க வந்தார். பாய் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை பார்த்தவர், அந்த வண்டி மலை இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அடிவாரம் வரை போக வேண்டும். பிறகு பஸ் பிடித்துத் திரும்பலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதுவரை போய்வந்தவர் பாய் மட்டும்தான்.

"பிரேக்கை மிதிச்சா ஆடு கத்தற மாதிரி கத்துது. நாங்க ஏற மாட்டோம்" என்றாள் வெள்ளையம்மா. ஏழு பேரில் மூத்தவள்.

"ஆடு கத்தினா உனக்கென்ன அக்கா? வண்டி நிக்குதில்ல?" என்றான் அரப்பளி.

"நீ ஓட்டற லட்சணத்தைப் பார்த்துதான்டா அது கத்துது."

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் ஏறவில்லை.

பாய் சடையனைக் கூப்பிட்டார். "அண்ணே, இதை நீங்க தனியாப் பாருங்க. சரியா வந்தா, இனிமே பிரேக் வேலை எல்லாம் உங்களோடது."

இந்தச் சொல்லுக்காகச் சடையன் மூன்று வருடம் காத்திருந்தார். பாய் பின்பக்கம் ஒரு என்ஜினைப் பிரிக்கப் போய்விட்டார்.

சடையன் முன் சக்கரத்தைக் கழற்றினார். தூசியை ஊதினார். டிஸ்க்கை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் பேடை உப்புத்தாளில் தேய்த்தார். மாட்டி ஓட்டிப் பார்த்தார். கத்தியது. பேடைத் தாங்கும் ஊசிகளுக்குக் கிரீஸ் வைத்தார். அப்போதும் கத்தியது.

"அண்ணே, பழம் வெடிக்குது. மதியத்தோட சந்தை முடிஞ்சிரும்" என்றான் அரப்பளி.

மறுபடியும் கழற்றினார். பேடின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு. பேட் தேய்ந்துபோனால் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். அதற்காகவே வைத்தது. சடையன் பேடை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். புதுப் பேட் வேண்டுமென்றால் மலை இறங்கிச் சேந்தமங்கலம் போக வேண்டும். குறட்டால் தகட்டை டிஸ்க்கில் படாதபடி வளைத்துவிட்டார்.

இந்த முறை ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை.

"அடேயப்பா, ஆட்டை அறுத்துட்டாரு!" என்றாள் வெள்ளையம்மா. ஏழு பேரும் பின்னால் ஏறிப் பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது பாய்."

"சந்தோசம். ஏறுங்க அண்ணே."

சடையன் கதவைத் திறந்தார். ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"அந்த ஆட்டோ வேலை பாதியில கிடக்குது பாய். அதை முடிச்சிடறேனே."

"அதுவும் சரிதான். நீங்க முடிங்க. நான் போய்ட்டு வரேன்."

பாய் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பிச் சாலையில் திரும்பியது.

சடையன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கையாலும் அடித்தார்.

"நிறுத்துடா! அரப்பளி, நிறுத்து! பாய், இறங்குங்க. எல்லாரும் இறங்குங்க."

"என்ன ஆச்சு?" என்றார் பாய்.

"பேட் போயிருச்சு பாய். நான் தகட்டை வளைச்சு விட்டுட்டேன்."

அரப்பளி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பெண்கள் இறங்கினார்கள். வெள்ளையம்மா சடையன் முன்னால் வந்து நின்றாள். பிறகு பழத்தை இறக்கப் போனாள்.

புதுப் பேடுக்கு ஆள் அனுப்பினோம். சடையன் பழையதைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பாய் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாய்?"

"தெரியாது."

"என்னைச் சோதிக்கத்தான் ஏறுனீங்களா?"

"இல்லை."

"நான் ஏற மாட்டேன்னு நின்னப்பகூட உங்களுக்குச் சந்தேகம் வரலையா? எதை நம்பி ஏறுனீங்க?"

பாய் அவரைப் பார்த்தார்.

"நீங்க பார்த்த பிரேக்குதானே அண்ணே."

சடையன் ஸ்கேலை எடுத்துப் பேடை அளந்தார். புதுப் பேட் பத்து மில்லிமீட்டர் இருக்கும். இதில் மிச்சம் இருந்தது ஒன்றரை.